செல்வநாயகம் ஒப்பந்தங்களை நம்பி ஏமாந்தவரா?

26 ஏப்ரல் 2023 — வாசகர் ஒருவரின் கேள்வி

ஒவ்வோர் ஆண்டும் இந்த நாளில், தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகத்தின் நினைவு நாளில், யாழ்ப்பாணத்திலுள்ள அவருடைய நினைவுத் தூபிக்கு மாலை சூட்டுகிறார்கள். எனக்கு நெடுநாளாக ஒரு சந்தேகம் உண்டு. 1957இல் பிரதமர் பண்டாரநாயக்கவுடன் அவர் செய்த ஒப்பந்தம் கிழிக்கப்பட்டது. 1965இல் டட்லி சேனநாயக்கவுடன் செய்த ஒப்பந்தம் கைவிடப்பட்டது. இரண்டு முறை ஏமாந்த ஒருவரைத் ‘தந்தை’ என்று அழைப்பது எதற்காக? காலத்தைப் புரிந்துகொள்ளாமல் கனவான் அரசியல் நடத்திய ஒரு கொழும்பு அப்புக்காத்து (வழக்கறிஞர்) என்பதற்கு மேல் அவரிடம் என்ன இருந்தது?

27 ஏப்ரல்

கணக்கை 1957இல் தொடங்குவதுதான் இந்தக் கேள்வியிலுள்ள சிக்கல். அதை 1948இல் தொடங்க வேண்டும். சுதந்திரம் கிடைத்த அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே டி. எஸ். சேனநாயக்கவின் அரசாங்கம் பிரசாவுரிமைச் சட்டத்தை நிறைவேற்றி, மலையகத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்து வந்த இந்திய வம்சாவளித் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. தமிழ்க் காங்கிரசின் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம் அதே ஆண்டில் அமைச்சரவையில் சேர்ந்தார். செல்வநாயகம் சேரவில்லை. இன்று மலையக மக்களுக்கு நேர்வது நாளை மொழியின் பெயரால் வடக்குக்கும் கிழக்குக்கும் நேரும் என்பதே அவருடைய வாதத்தின் சாரம். எட்டு ஆண்டுகள் கழித்து, ‘சிங்களம் மட்டும்’ சட்டத்தால் அது நடந்தது. காலத்தைப் புரிந்துகொள்ளாதவர் என்ற குற்றச்சாட்டுக்கு இது ஒன்றே போதிய மறுப்பு என்பேன்.

அந்தச் சட்டத்தைப் பலரும் ஒரு மனிதாபிமானப் பிரச்சினையாக மட்டுமே பேசுகிறார்கள். அதற்குள் ஓர் எண்கணிதமும் இருந்தது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. 1952இல் ஒன்றுகூட இல்லை. தொகுதிகளோ சனத்தொகையை வைத்து, 75,000 பேருக்கு ஓர் ஆசனம் என்ற அளவில் பிரிக்கப்பட்டவை. வாக்குரிமை பறிக்கப்பட்ட தோட்டத் தொழிலாளரும் அந்தத் தலைக்கணக்கில் சேர்ந்தே இருந்தார்கள். எனவே மலைநாட்டில் தமிழரின் தலைகளை எண்ணிக் கிடைத்த ஆசனங்களைச் சிங்கள வாக்காளர் மட்டும் நிரப்பும் நிலை உண்டாயிற்று. 1956க்குப் பிறகு இரண்டு பெரிய கட்சிகளும் தமிழரின் தயவை அநேகமாக நாடாமலேயே ஆட்சிக்கு வர முடிந்ததற்கும், ஒன்றை ஒன்று மிஞ்சிச் சிங்கள வாக்கை ஏலம் கேட்டதற்கும் இந்தக் கணக்கே அடித்தளம்.

தமிழ்க் காங்கிரசிலிருந்து பிரிந்த செல்வநாயகம் 1949 டிசம்பர் 18ஆம் திகதி தமிழரசுக் கட்சியைத் தொடங்கிய இடத்தையும் கவனியுங்கள்: கொழும்பு மருதானையில் அரசாங்க இலிகிதர் (எழுத்தர்) சேவைச் சங்கத்தின் மண்டபம். இலிகிதர்களைப் பற்றிப் பின்னர் எழுதுகிறேன்.

28 ஏப்ரல்

தொடக்கத்திலிருந்தே மக்கள் அவர் பின்னால் நின்றார்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி இல்லை. 1952இல் காங்கேசன்துறையில் அவர் தோற்றார். வென்றவர் ஐக்கிய தேசியக் கட்சியின் சு. நடேசன், சேர் பொன்னம்பலம் இராமநாதனின் மருமகன். கட்சிக்குக் கிடைத்தவை கோப்பாயும் திருகோணமலையும் மட்டுமே. 1956இல் அந்த இரண்டு பத்தாயிற்று. இடையில் செல்வநாயகத்தின் பேச்சில் எதுவும் மாறவில்லை. 1956 பெப்ரவரியில் ஐக்கிய தேசியக் கட்சியும் களனி மாநாட்டில் ‘சிங்களம் மட்டும்’ என்று முடிவெடுத்ததால், அந்தக் கட்சியின் பெயரைச் சொல்லி வடக்கில் வாக்குக் கேட்பதற்கு ஆளில்லாமல் போயிற்று. அவர் ஏற்கனவே நின்ற இடத்துக்குக் காலம் வந்து சேர்ந்தது என்று சொல்லலாம்.

30 ஏப்ரல்

இனி ஒப்பந்தத்துக்கு வருவோம். 1957 ஜூலை 26 என்ற திகதி எல்லோருக்கும் தெரியும். அதற்கு முந்திய ஆகஸ்டில் தமிழரசுக் கட்சியின் திருகோணமலை மாநாடு ஓராண்டுத் தவணை விதித்து, 1957 ஆகஸ்ட் 20க்குள் தீர்வு வராவிட்டால் சத்தியாக்கிரகம் என்று அறிவித்திருந்ததைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பண்டாரநாயக்க மேசைக்கு வந்தது நல்லெண்ணத்தால் மட்டுமல்ல, அந்தத் தவணை நெருங்கியதாலும்தான்.

ஒப்பந்தத்தின் வாசகத்தை இன்று நிதானமாக வாசிப்பவர்கள் அதன் முகவுரையில் ஒரு வழக்கறிஞரின் கையைக் காண்பார்கள். சமஷ்டி (கூட்டாட்சி) அரசியலமைப்பைப் பற்றியோ, ‘சிங்களம் மட்டும்’ எனப்பட்ட அரச கரும மொழிச் சட்டத்தை நீக்குவதைப் பற்றியோ தன்னால் பேச முடியாது என்று பிரதமர் முதலிலேயே சொல்லிவிடுகிறார். அப்படியானால் தமிழரசுக் கட்சி தன் அடிப்படைக் கொள்கைகளையும் இலக்குகளையும் கைவிடாமலும் விட்டுக்கொடுக்காமலும் ஓர் இணக்கத்துக்கு வர முடியுமா என்ற கேள்வி எழுந்தது என்று வாசகம் தொடர்கிறது. நீதிமன்றத்தில் ‘என் கட்சிக்காரரின் ஏனைய உரிமைகளுக்குப் பாதகமின்றி’ என்று எழுதிக்கொள்வதற்கும் இதற்கும் வேறுபாடில்லை. நம்பி மயங்கியவர் இப்படி எழுதிக்கொள்ள மாட்டார்.

உள்ளடக்கமும் வெறும் மொழிச் சலுகை அல்ல. வடக்குக்கு ஒரு பிராந்திய சபை, கிழக்குக்கு இரண்டோ அதற்கு மேலோ, மாகாண எல்லையைக் கடந்தும் சபைகள் ஒன்றிணைய இடம், விவசாயம், கல்வி, சுகாதாரம், மீன்பிடி, வீதிகள் முதலிய துறைகள் என்று பட்டியல் நீளும். என் பார்வையில் அதன் உயிர் ஒரே ஒரு வரியில் இருக்கிறது: குடியேற்றத் திட்டங்களில் காணி பெறுவோரைத் தெரிவு செய்யும் அதிகாரம் பிராந்திய சபைக்கு உரியது என்ற வரி. கல்லோயாக் குடியேற்றத் திட்டத்துக்குப் பிறகு கிழக்கில் காணி யாருக்குப் போகிறது என்பதே அரசியல். அதை ஒரு சிங்களப் பிரதமர் கையெழுத்திட்டு ஒத்துக்கொண்டார்.

கிழிந்த கதையையும் சொல்ல வேண்டும். 1958 தொடக்கத்தில் வாகன இலக்கத் தகடுகளில் சிங்கள ‘ஸ்ரீ’ வந்தது. வடக்கில் அதன்மீது தார் பூசினார்கள், தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகள்மீது பூசினார்கள். ஏப்ரல் 9ஆம் திகதி பிக்குகள் ரொஸ்மீட் பிளேசிலிருந்த பிரதமரின் இல்லத்துக்கு முன்னால் அமர்ந்தார்கள். ஒப்பந்தத்தைக் கைவிடுவதாக அவர் சொன்ன பிறகும் அவர்கள் எழும்பவில்லை. எழுத்தில் கேட்டார்கள், எழுத்திலேயே வாங்கிக்கொண்டுதான் போனார்கள். எழுதிக் கையெழுத்திட்ட ஒன்றை உடைப்பதற்கும் எழுத்துமூல உத்தரவாதம் தேவைப்பட்டிருக்கிறது! ஒப்பந்தங்களை நம்பியவர் செல்வநாயகம் மட்டும்தான் என்று சொல்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

1 மே

சிறு குறிப்பு. 1957 ஒப்பந்தத்துக்கு எதிராகக் கண்டிக்குப் பாதயாத்திரை புறப்பட்டவர் ஐக்கிய தேசியக் கட்சியின் ஜே. ஆர். ஜயவர்தன. இம்புல்கொடையில் எஸ். டி. பண்டாரநாயக்க வழிமறித்ததால் யாத்திரை அங்கேயே முடிந்தது. முப்பது ஆண்டுகள் கழித்து, 1987 ஜூலை 29இல், வடக்கையும் கிழக்கையும் தற்காலிகமாக ஒன்றிணைத்து மாகாண சபை அமைக்கும் இலங்கை இந்திய உடன்படிக்கையில் கையெழுத்திட்டவரும் அதே ஜே. ஆர். தான். ஜூலை மாதத்தின் கடைசி வாரத்துக்கும் அவருக்கும் ஏதோ பொருத்தம் இருந்திருக்கிறது.

4 மே

இலிகிதர்களைப் பற்றி எழுதுவதாகச் சொன்னேன். என் தகப்பனார் கொழும்பில் ஓர் அரச திணைக்களத்தில் இலிகிதராக இருந்தவர். ஆங்கிலத்தில் கடிதம் வரைவதில் அவருக்கு ஒரு பெருமை உண்டு. அரைப்பக்கத்தில் முடியும் விடயத்துக்கு முக்கால் பக்கம் எழுதமாட்டார். சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையில் சித்தியடையாத உத்தியோகத்தரின் சம்பள ஏற்றம் நிறுத்தப்படும் என்ற நிலை வந்தபோது, அவர் பரீட்சைக்குப் போகவில்லை. சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டதை அறிவிக்கும் கடிதம் சிங்களத்திலேயே வந்தது. பக்கத்து மேசைச் சிங்கள நண்பர்தான் அதை வாசித்துச் சொன்னாராம், வாசிக்கும்போது தலையை நிமிர்த்தவேயில்லையாம். அப்பா வயதெல்லைக்கு முன்பே ஓய்வு பெற்று ஊருக்கு வந்தார். அந்தக் கடிதம் வெகுகாலம் எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் காணி உறுதிகளோடு சேர்ந்து கிடந்தது.

இதை எழுதுவது அனுதாபத்துக்காக அல்ல. அப்பாவைப் போன்ற இன்னொரு இலிகிதரான செல்லையா கோடீஸ்வரன் நீதிமன்றம் போனார். 1962இல் மறுக்கப்பட்ட சம்பள ஏற்றத்துக்காக அவர் தொடுத்த வழக்கில், 1964இல் மாவட்ட நீதிமன்றம் அரச கரும மொழிச் சட்டமே, ஓர் இனத்துக்குப் பாகுபாடு காட்டும் சட்டங்களைத் தடுத்த, அரசியலமைப்பின் 29ஆம் பிரிவுக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. அரச ஊழியர் சம்பளத்துக்காக முடிக்குரிய அரசின்மீது வழக்குத் தொடுக்க முடியாது என்று சொல்லி 1967இல் உயர் நீதிமன்றம் அதைத் தள்ளியது. 1969 டிசம்பரில், அன்று இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த இலண்டன் கோமறைக் கழகம் அந்தக் காரணம் செல்லாது என்று கூறி, அடிப்படைக் கேள்வியை விசாரிக்கும்படி வழக்கைத் திருப்பி அனுப்பியது. அதற்குள் காலம் மாறிவிட்டது. கோமறைக் கழகத்துக்கு முறையிடும் உரிமை ஒழிக்கப்பட்டது, 1972இல் 29ஆம் பிரிவும் ஒழிந்தது, அந்தக் கேள்விக்கு விடை கூறப்படவேயில்லை.

வாக்கு, ஒப்பந்தம், சத்தியாக்கிரகம், நீதிமன்றம் என்று ஒரு குடிமகன் தட்டக்கூடிய கதவுகள் அனைத்தும் இந்த இருபது ஆண்டுகளில் தட்டப்பட்டன. செல்வநாயகத்தின் வாழ்க்கையை அந்தக் கதவுகளின் வரிசையாகவே நான் பார்க்கிறேன்.

6 மே

சத்தியாக்கிரகத்தைப் பற்றி மேலே ஒரு சொல்லில் கடந்துவிட்டேன் என்று ஒருவர் குறைபட்டிருக்கிறார். 1956 ஜூன் 5 அன்று ‘சிங்களம் மட்டும்’ சட்டத்தை எதிர்த்துக் கொழும்புக் காலிமுகத்திடலில் அமர்ந்தவர்கள் சுமார் இருநூறு பேர். அவர்களைக் கும்பல் அடித்தபோது பொலிஸ் பார்த்துக்கொண்டு நின்றது. தமிழரசுக் கட்சியின் அமிர்தலிங்கம் தலையில் கட்டுடன் பாராளுமன்றத்துக்குள் போனார். 1961 பெப்ரவரி 20இல் யாழ்ப்பாணக் கச்சேரி (மாவட்ட அரச செயலகம்) வாயிலில் தொடங்கிய மறியல் வடக்கு, கிழக்கு முழுவதும் பரவி நிர்வாகத்தை முடக்கியது. ஏப்ரலில் தமிழரசு அஞ்சல் சேவை தொடங்கி, முத்திரையும் வெளியிட்டார்கள். சில நாட்களிலேயே அவசரகாலச் சட்டமும் இராணுவமும் வந்தன. செல்வநாயகம் உட்படத் தலைவர்கள் பனாகொடை முகாமில் மாதக்கணக்கில் வைக்கப்பட்டார்கள். என் பெரியம்மா கச்சேரி வாயிலில் அமர்ந்தவர். அரசியலைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. வெயிலைப் பற்றியும், பொலிசார் இழுத்தபோது பெண்கள் ஒருவர் கையை ஒருவர் கோத்துக்கொண்டதைப் பற்றியும்தான் சொல்வார்.

9 மே

1965ஐப் பற்றி நான் நழுவுகிறேன் என்று மட்டக்களப்பு நண்பர் எழுதியிருக்கிறார். நியாயம்தான். 1957ஐ நான் எவ்வளவு உறுதியாகப் பாதுகாக்கிறேனோ அவ்வளவு உறுதியாக 1965ஐப் பாதுகாக்க எனக்கு மனம் வரவில்லை.

மார்ச் 22இல் தேர்தல் நடந்தது. ஐக்கிய தேசியக் கட்சிக்கு 66, சுதந்திரக் கட்சிக்கு 41, தமிழரசுக் கட்சிக்கு 14. இரண்டே நாளில் டட்லியும் செல்வநாயகமும் ஒரு சிறிய தாளில் கையெழுத்திட்டார்கள். நிலையான அரசாங்கத்தை உறுதிசெய்வதற்காக என்று அதிலேயே எழுதியிருக்கிறது. யாரும் யாரையும் ஏமாற்றிக்கொள்ளவில்லை. மாவட்ட சபைகள், தமிழ்மொழி ஒழுங்குவிதிகள், குடியேற்றக் காணிகளில் முதலில் அந்தந்த மாவட்டத்தின் காணியற்றோர், அடுத்து வடக்கு கிழக்கில் வாழும் தமிழ் பேசுவோர், அதன்பின் ஏனையோர் என்ற முன்னுரிமை வரிசை. தமிழரசுக் கட்சியின் மு. திருச்செல்வம் செனட் சபை வழியாக உள்ளூராட்சி அமைச்சரானார்.

1957இல் பிராந்திய சபை. 1965இல் மாவட்ட சபை. அலகு சிறுத்துவிட்டது. அதைவிட முக்கியமாக, 1957 ஒப்பந்தம் நாடறிய நடந்தது, 1965 உடன்பாடு உரிய காலத்தில் மக்கள்முன் வைக்கப்படவில்லை. எதிராளியின் ஒப்புதலைப் பதிவு செய்துகொள்வதே ஒப்பந்தத்தின் பயன் என்றால், சாட்சி இல்லாத பதிவால் என்ன பயன்? மூடிவைத்ததால் தெற்கில் அதைப் பற்றிப் பூதாகரமான வதந்திகள் கிளம்பின. 1966 ஜனவரி 8இல் ஒழுங்குவிதிகள் பாராளுமன்றத்துக்கு வந்த நாளில் எதிர்ப்பு ஊர்வலம் நடந்தது. கொள்ளுப்பிட்டியில் பொலிஸ் சுட்டதில் ஒரு பிக்கு இறந்தார். 1956இல் சிங்களம் மட்டும் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த இடதுசாரிகள் அந்த ஊர்வலத்தின் பக்கம் நின்றார்கள். ஒரு மொழி என்றால் இரண்டு நாடு, இரண்டு மொழி என்றால் ஒரு நாடு என்று எச்சரித்த கொல்வின் ஆர். டி சில்வாதான் 1972இல் சிங்களத்தை அரசியலமைப்பிலேயே பதித்த அமைச்சர். தமிழ்த் தலைவர் ஏமாந்தார் என்பதைவிட, அவர் பேசக்கூடிய மனிதர்கள் தெற்கில் ஒருவர்பின் ஒருவராக இல்லாமற்போனார்கள் என்பதே இந்தக் காலத்தின் சரியான விவரிப்பு.

1968இல் மாவட்ட சபை வெள்ளை அறிக்கை கைவிடப்பட்டது. திருகோணமலைக் கோணேஸ்வரக் கோயில் சூழலைப் புனித நகராக்க அமைத்த குழுவைப் பிரதமர் நிறுத்தியதால் திருச்செல்வம் பதவி விலகினார். கையில் மிஞ்சியவை 1966 ஒழுங்குவிதிகள் மட்டுமே. அவையும் 1958 ஆகஸ்டில், தமிழரசு உறுப்பினர்கள் தடுப்புக்காவலில் இருந்தபோது நிறைவேறிய தமிழ்மொழிச் சட்டத்துக்கு எட்டு ஆண்டுகள் பிந்தி வந்த விதிகள்.

10 மே

சமஷ்டிக் கோரிக்கை செல்வநாயகத்தின் கண்டுபிடிப்பு அல்ல. 1926இலேயே இலங்கைக்குச் சமஷ்டிதான் பொருந்தும் என்று பத்திரிகையில் தொடர்ந்து எழுதியவர் ஒக்ஸ்போர்டிலிருந்து திரும்பிய இளம் பண்டாரநாயக்க. முப்பத்தொரு ஆண்டுகளுக்குப் பின் அவர் பேச மறுத்தது தன் பழைய கருத்தைத்தான்.

17 மே

‘தந்தை’ என்பதில் எனக்கும் சில தயக்கங்கள் உண்டு. அவற்றைச் சொல்லாமல் அவரைப் பாதுகாப்பது சரியல்ல.

முதலாவது மலையகம். எந்த மக்களுக்காகத் தமிழ்க் காங்கிரசை உடைத்தாரோ அவர்களின் தலைவிதி 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கையில் எண்களாகப் பிரிக்கப்பட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சமிருந்த 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம். அதை நடைமுறைப்படுத்தும் சட்டம் 1967இல் வந்தது; அப்போது அந்த அரசாங்கத்தில் தமிழரசுக் கட்சிக்கும் இடம் இருந்தது. மலையகத் தலைவர் தொண்டமானும் அரசாங்கப் பக்கமே இருந்தார் என்பது உண்மை. ஆயினும் 1948இன் செல்வநாயகத்தை வைத்து 1967இன் செல்வநாயகத்தைப் பார்க்கும்போது எனக்கு நிறைவில்லை.

இரண்டாவது மாவிட்டபுரம். 1968இல் கந்தசுவாமி கோயில் வாசலில் தாழ்த்தப்பட்ட மக்கள் உள்ளே போகக் கேட்டு நின்றார்கள். சி. சுந்தரலிங்கம் தடுத்து நின்றார். அது செல்வநாயகத்தின் சொந்தத் தொகுதி. சாதிப் பாகுபாட்டை அவர் ஆதரித்தார் என்று யாரும் சொல்ல முடியாது. அவரே கோயிலுக்கு வெளியே நிற்கும் கிறிஸ்தவர், இந்துக்கள் நிறைந்த தொகுதியில் திரும்பத் திரும்ப வென்றவர். ஆனால் கச்சேரி வாயிலில் அமர்ந்த கட்சி அந்தக் கோயில் வாயிலில் அமரவில்லை. அந்தப் போராட்டத்தைச் சண்முகதாசனின் கம்யூனிஸ்டுகளும் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கமும் நடத்தின. மேலே சொன்ன பெரியம்மாவே இந்த விடயத்தில் எதிர்ப்பக்கம் நின்றவர். அவர்போன்றோரின் வாக்கை இழக்கக் கட்சி தயாராக இல்லை என்பதே என் கணிப்பு.

2 ஜூன்

‘கடவுள்தான் தமிழரைக் காப்பாற்ற வேண்டும்’ என்று அவர் சொன்னதாகப் பலரும் எடுத்தாள்வதைக் கொண்டுவந்து, இதுவா தலைமை என்று ஒருவர் கேட்கிறார். அவருடைய கடைசி ஐந்து ஆண்டுகளில் கைகட்டி இருந்தவரின் செயல் எதையும் நான் காணவில்லை.

1972 மே 22இல் குடியரசு அரசியலமைப்பு வந்தது. பௌத்தத்துக்கு முதன்மை இடம், சிங்களம் அரச கரும மொழி, 29ஆம் பிரிவு இல்லை. அக்டோபரில் அவர் தம் ஆசனத்தைத் துறந்து, இந்த அரசியலமைப்பைத் தமிழர் ஏற்கிறார்களா என்று தம் தொகுதியிலேயே சோதித்துப் பாருங்கள் என அரசாங்கத்துக்கு அறைகூவல் விடுத்தார். அரசாங்கம் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இடைத்தேர்தலைத் தள்ளிப்போட்டது. இடையில் தமிழ் மாணவரின் பல்கலைக்கழக அனுமதியைக் கடினமாக்கிய தரப்படுத்தல் இளைஞரைக் கொதிக்க வைத்தது. 1974 ஜனவரியில் யாழ்ப்பாணத்துத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நாளில் உயிர்கள் பலியாயின. பார்க்கின்சன் நோயால் அவர் குரல் மிகவும் நலிந்திருந்தது.

1975 பெப்ரவரி 6இல் தேர்தல் நடந்தது. செல்வநாயகத்துக்கு 25,927 வாக்குகள், கம்யூனிஸ்ட் கட்சியின் வி. பொன்னம்பலத்துக்கு 9,457. அதைத் தனி அரசுக்கான ஆணையாக அவர் அறிவித்தார். 1976 மேயில் தனி அரசு கோரிய வட்டுக்கோட்டைத் தீர்மானம், 1977 ஏப்ரல் 26இல் மரணம். ஜூலைத் தேர்தலில் தமிழர் விடுதலைக் கூட்டணி 18 ஆசனங்களை வென்றதை அவர் காணவில்லை.

ஆயுதம் ஏந்திய இளைஞர்கள் பின்னாளில் இந்தத் தீர்மானத்தையே தமக்கு ஆதாரமாகக் காட்டினார்கள். அதற்கு அவர் பொறுப்பாளியா என்று கேட்டால், பகுதியளவில் ஆம் என்றே சொல்வேன். தனி அரசு என்று எழுதியவர்கள் அதை எந்த வழியில் அடைவது என்பதை எழுதாமல் விட்டார்கள். 1957 ஒப்பந்தத்தின் முகவுரையில் அத்தனை கவனம் காட்டிய அப்புக்காத்து தம் கடைசி ஆவணத்தில் அந்த இடைவெளியை அனுமதித்தது, நோயினாலா, காலத்தின் நெருக்குதலாலா என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

3 ஜூன்

தமிழ்க் காங்கிரசின் ஜி. ஜி. பொன்னம்பலம் என்ன ஆனார் என்று கேட்டவருக்கு: 1972இல் தமிழர் கூட்டணி உருவானபோது செல்வநாயகம், தொண்டமான் ஆகியோருடன் அவரும் கூட்டுத் தலைவரானார். இருபதாண்டுக்கு மேற்பட்ட பகை அங்கே ஓய்ந்தது. 1977 பெப்ரவரியில் அவர் மலேசியாவில் இறந்தார். செல்வநாயகம் பிறந்தது 1898இல் அதே மலாயாவின் ஈப்போவில்.

11 ஜூன்

எங்கிருந்து வாசிக்கத் தொடங்குவது என்று முதற்கேள்வி கேட்டவரே இப்போது கேட்டிருக்கிறார். 1957 ஒப்பந்தத்தின் வாசகத்தையும் மாகாண சபைகளை அமைத்த, 1987இன் பதின்மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, காணியைப் பற்றிய பகுதியை மட்டும் முதலில் வாசியுங்கள். பதின்மூன்றாம் திருத்தம் சொல்லும் தேசிய காணி ஆணைக்குழு இன்றுவரை அமைக்கப்படவில்லை. வாசித்து முடித்தபின் ஏமாந்தவர் யார் என்று இங்கே எழுதுங்கள். மாவட்ட சபைகளைப் பற்றி மட்டக்களப்பு நண்பர் எழுப்பிய இரண்டாவது கேள்விக்கு அதன்பின் வருகிறேன்.